சம்பந்தி பார்த்துவிட்ட ஊர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கடைக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மார்பின் மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாந்திருந்தார் சௌந்தரராசு. தூக்கம் வருவதாக இல்லை. எப்படி வரும், சமையலறையில் கோகிலா போனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள், கட்டின புருஷனோடு பேசும்போது ஒரு நாளாவது இப்படிச் சிரித்திருப்பாளா, தஞ்சாவூர் சம்பந்தியம்மா என்றால் மட்டும் அந்தச் சிரிப்பு எங்கிருந்துதான் வருமோ. சிரிக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் சுகந்தி கூப்பிடுவாள். ஒரே பெண், அயர்லாந்து நாட்டில் டப்ளினில் கம்ப்யூட்டர் வேலை, மாப்பிள்ளை அருள்மணிக்கும் அங்கேயேதான். வாரம் பூராவும் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, ஞாயிறு அங்கே விடிந்து அவள் காபியோடு உட்காரும்போது இங்கே திருச்சியில் மத்தியானம் தாண்டியிருக்கும். இன்றைக்குத் தேதியைச் சொல்லியாக வேண்டும். டிராவல்ஸ்காரர் நேற்றே கடைக்கு வந்து, “அண்ணே, நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுங்க, ஈஸ்டருக்கு ஊரே பறக்குது, அப்புறம் சீட்டு இல்லேன்னு சொன்னா என்னைத் திட்டாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தேதியில் என்ன குழப்பம், தேதி இதோ மார்பின் மேல் கிடக்கிறது, புனித வெள்ளி, சிவப்பு மையில், ராசு பெயிண்ட்ஸ், தென்னூர் என்று தலைப்பில் போட்டு அவரே வருஷா வருஷம் அடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற காலண்டர், அதில் தப்பு வருமா. வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் முழுசாக மகள் தன்னோடு. வியாழக்கிழமை போய் இறங்கினால் சரியாக இருக்கும். இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று, முடித்த பிறகும் மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

சுகந்தி சொன்னது ரொம்பச் சின்ன விஷயம்தான். “எனக்கு லீவு அவ்வளவா இல்லப்பா. இந்த ஊர் லீவு நாளாப் பார்த்து, அதை ஒட்டி வர்ற மாதிரி போடு. ஊரைச் சுத்திக் காட்டிடறேன்.” எந்தெந்த நாள் என்று கேட்டதற்கு பஸ் கண்டக்டர் ஊர் பேர் சொல்லுகிற மாதிரி கடகடவென்று சொன்னாள், பிப்ரவரியில் ஒரு திங்கள், மார்ச் பதினேழு, ஈஸ்டர், மே முதல் திங்கள், ஜூன் முதல் திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், அக்டோபர் கடைசித் திங்கள், அப்புறம் கிறிஸ்துமஸ். அதென்ன ஊரோ, எதற்கெடுத்தாலும் திங்கட்கிழமை லீவு. நம்மூரில் திங்கட்கிழமைதான் கடை திறந்தவுடன் மேஸ்திரிகள் வந்து நிற்பார்கள். பெயிண்ட் கடைக்காரனுக்கு லீவு என்பதே பழக்கமில்லாத சமாச்சாரம், பொங்கல் வந்தால் ஊருக்கு லீவு, அவருக்கு அப்போதுதான் சாப்பிடக்கூட முடியாத வியாபாரம், பொங்கல் முடிந்த இந்தப் பத்துப் பதினைந்து நாள்தான் கொஞ்சம் கால் நீட்ட முடிகிறது. பிப்ரவரி என்றால் விசா வந்து சேராது. மார்ச் பதினேழு ஏதோ ஒரு சாமியார் பேரில் ஊரே பச்சை உடுத்திக்கொண்டு ஊர்வலம் போகுமாம், பார்க்க ஆசைதான், ஆனால் மார்ச்சில் கணக்கு முடிக்காமல் ஆடிட்டர் விட மாட்டார். ஆகஸ்ட் முதல் வாரம் ஆடி மாதம், ஆடியில் படி தாண்டினால் கோகிலா தாம்தூம் என்று குதிப்பாள். அக்டோபர் கடைசி தீபாவளி வியாபாரம். கிறிஸ்துமஸுக்கு நாலு மணிக்கே இருட்டிவிடுமாம், முழங்கால் அந்தக் குளிரைத் தாங்காது. மே, ஜூன்? மே ஜூன் பேச்சையே எடுக்கக் கூடாது. மே ஜூனில்தான் ராஜமாணிக்கம் போய்விட்டு வந்தார். அந்த மனுஷன் போன மாதத்தில், அவர் நனைந்த அதே மழையில் இவரும் போய் நனைவதா, அதற்குப் போகாமலே இருக்கலாம்.

ராஜமாணிக்கம் என்றால் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா, தஞ்சாவூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அதுதான் சௌந்தரராசுவுக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது தூங்கலாம். வெளுத்த சட்டை, மெல்லப் பேச்சு, எதைச் சொன்னாலும் “அப்படீங்களா சம்பந்தி” என்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளுகிற பாங்கு, வேலை பார்த்த காலம் பூராவும் சனி லீவு, ஞாயிறு லீவு, கோடை லீவு, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, அவ்வளவையும் அனுபவித்துவிட்டு இப்போது அயர்லாந்து லீவையும் அவர்தான் முதலில் போய் அனுபவித்துவிட்டு வந்திருக்கிறார். அதற்கும் யார் காரணம், இவரேதான். போன வருஷம் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் முதலில் வாருங்கள் என்று சொன்னபோது, இவர்தான் போனை வாங்கி, “முதல்ல நீங்க போயிட்டு வாங்க சம்பந்தி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போறதுதானே முறை” என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னார். முறை என்று ஒன்று இருக்கிறது, பெண்ணைக் கொடுத்தவன் அப்படித்தான் சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டவர் என்ன சொல்ல வேண்டும், சேச்சே, உங்க பொண்ணு, நீங்கதான் முதல்ல பாக்கணும் என்று ஒரு தடவையாவது சொல்ல வேண்டாமா. கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடும்போது, நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க என்று மூன்று தடவை சொல்லிக்கொள்வதில்லையா. அந்த மனுஷன் முதல் தடவையிலேயே, “ரொம்ப சந்தோஷம் சம்பந்தி, நீங்க சொன்னா சரி” என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி இவர் கோகிலாவிடம் எரிந்து விழுந்தார், ரசத்தில் உப்பு இல்லை என்று. ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் வந்தன போட்டோக்கள். ஒன்றா இரண்டா. ஆற்றுப் பாலத்து மேல் ராஜமாணிக்கம், மான் மேய்கிற பார்க்கில் ராஜமாணிக்கம், இரண்டு மாடி பஸ்ஸின் மாடியில் முன் சீட்டில் ராஜமாணிக்கம், பழைய புத்தகம் அடுக்கின நீளமான கூடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மாதிரி, ராஜமாணிக்கம். அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடலோரத்து மலைச் சரிவில் மழை பெய்கிறது, சுகந்தி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள், குடை முழுக்க ராஜமாணிக்கத்தின் தலைக்கு மேல், இவர் பெண்ணின் தோள் பாதி நனைகிறது. அந்த ஒரு போட்டோவை இவர் எத்தனை தடவை பெரிசாக்கிப் பார்த்தார் என்று அந்தப் போனுக்குத்தான் தெரியும். சின்னதில் மழையில் நனைந்தால் அவளுக்கு உடனே சளி பிடிக்கும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், அது அந்த மனுஷனுக்குத் தெரியுமா, எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த வாத்தியார், பக்கத்தில் நிற்கிற பெண் நனைவது தெரிய வேண்டாமா. போட்டோவுக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள், தஞ்சாவூர் அப்பாவுடன் என்று. கல்யாணமான புதிதில் மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எந்த நாளில் மாமா அப்பாவாக ஆனார், யாரைக் கேட்டு ஆனார். அவர் தஞ்சாவூர் அப்பா என்றால் அப்போது இவர் யார், திருச்சி அப்பாவா. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு அப்பாவாக இருந்தவருக்கு இனிமேல் முன்னால் ஊர் பேர் போட்டால்தான் யாரென்று தெரியும் போலிருக்கிறது, கடைக்கு போர்டு எழுதுகிற மாதிரி. கோகிலாவிடம் சொன்னார், அவள், “அப்படிக் கூப்பிட்டா குறைஞ்சா போயிடுவீங்க, நாமதான் சந்தோஷப்படணும்” என்றாள். சந்தோஷப்பட்டுப் பார்த்தார், வரவில்லை.

ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்கிறது, அதற்கு எண்ணெய் விட வேண்டும், விட வேண்டும் என்று நினைத்தே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை என்ன பார்ப்பது, சனிக்கிழமை என்ன பார்ப்பது என்று மனசுக்குள் மறுபடியும் ஓட்டினார். ஒரு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் யூடியூபில் டப்ளின் டப்ளின் என்று தேடிப் பார்த்து, அந்த ஊர்த் தெருவெல்லாம் இப்போது அவருக்கு நம்மூர்த் தில்லைநகர் கிராஸ் மாதிரி ஆகிவிட்டது, எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் எந்த மாதாகோவில் என்று கேட்டால் சொல்வார். ஆனால் எந்த இடத்தைப் பார்த்தாலும் முதலில் மனசில் வருவது, இதை அவர் பார்த்துவிட்டாரா. மான் பார்க், பார்த்துவிட்டார். கோட்டை, பார்த்துவிட்டார். சரி, ஆற்றில் போகிற படகு, அதிலும் ஏறிவிட்டார், ஏறி ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றார், சுகந்திதான் உரித்துக் கொடுத்தாளாம், கோகிலாவிடம் சம்பந்தியம்மா சொன்னது. கடைசியில் தேடித் தேடி ஒன்று அகப்பட்டது. ஊருக்கு ஓரமாக ரயிலில் போனால் ஹவுத் என்று ஒரு மீன்பிடித் துறைமுகம், படகுகளுக்கு நடுவில் கடல்நாய்கள் தலையைத் தூக்கிப் பார்க்குமாம், மீன் போட்டால் வருமாம், ஒரு நீளமான சுவர் கடலுக்குள் போகும், அதன் கோடியில் ஒரு கலங்கரை விளக்கம். சம்பந்தி வீட்டார் அங்கே போவதாக இருந்த அன்றைக்கு அடைமழை பிடித்துக்கொண்டதால் போகவில்லை. இது தெரிந்ததும் சௌந்தரராசுவுக்கு அந்த மழை மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஹவுத். முதல் நாளே ஹவுத். அந்தச் சுவரில் மகள் முன்னால் போக இவர் பின்னால் போவார், சம்பந்தி கால் படாத ஒரு இடம் அந்த ஊரில் மிச்சம் இருக்கிறது, போட்டோவை முதலில் தஞ்சாவூருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஆனால் மகள் வீடு? வீட்டை என்ன செய்வது. அந்த வீட்டுக்குள் சம்பந்தி ஒன்றரை மாதம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். ஹாலில் ஜன்னலோரத்தில் ஒரு சாம்பல் நிற சோபா, வீடியோ காலில் எப்போது பார்த்தாலும் அதில்தான் உட்கார்ந்திருந்தார், இவர் போனால், “அதுலதான்பா அப்பா உக்காருவாங்க” என்று சுகந்தி வாய் தவறிச் சொல்லிவிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது. அதே மெத்தை, அதே போர்வை, காபிக்குக்கூட அவர் குடித்த டம்ளராகத்தான் இருக்கும். பிளேனில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து போய், இன்னொருத்தர் கதகதப்பாக்கி வைத்த இடத்தில் விருந்தாளியாகப் படுப்பதற்கா இத்தனை பாடு. போகாமல் இருந்துவிட்டால் என்ன? இருந்துவிட்டால் அவள் கேட்பாளா, ஏம்பா வரலை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பாளா, இல்லை சரிப்பா, உன் முழங்காலைப் பார்த்துக்கோ என்று விட்டுவிடுவாளா. விட்டுவிடுவாள் என்றுதான் பட்டது. போன வருஷம் கண்புரை ஆபரேஷன், இந்த வருஷம் முழங்கால், அடுத்த வருஷம் எது என்று யார் கண்டது, இந்த ஈஸ்டரை விட்டால் போவதென்பதே இல்லாமல் போகலாம். அப்படிப் போய்விட்டால் அந்த ஊரில் அவளுக்கு ஒரே அப்பாதான் வந்துபோனதாக இருக்கும், தஞ்சாவூர் அப்பா.

“ஏங்க,” என்று கோகிலா கையில் போனோடு வாசற்படியில் வந்து நின்றாள், “சம்பந்தி ஐயா உங்ககிட்ட பேசணுமாம்.” வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். ராஜமாணிக்கத்தின் மெல்லிய குரல் வந்தது, “சம்பந்தி, தூங்குறீங்களா, தொந்தரவு பண்ணிட்டேனா?” “அதெல்லாம் இல்லீங்க சம்பந்தி, சொல்லுங்க, சொல்லுங்க” என்று இவர் எழுந்து உட்கார்ந்து வேஷ்டியைச் சரிபண்ணிக்கொண்டார், போனில் அது தெரியவா போகிறது. “ஒண்ணுமில்லீங்க, தங்கச்சி சொன்னாங்க, புனித வெள்ளியை ஒட்டி டிக்கெட் போடுறீங்கன்னு. அங்க அன்னைக்கு லீவு கிடையாதுங்களே.” இவருக்குப் புரியவில்லை. “எங்க?” “அயர்லாந்துலங்க. பேங்க்கு, பள்ளிக்கூடமெல்லாம் மூடியிருக்கும், மத்தவங்க வேலைக்குப் போவாங்க. பிள்ளைங்க ஆபீஸ்ல லீவு இல்லவே இல்ல. அதுக்கடுத்த திங்கக்கிழமைதான் லீவு, ஈஸ்டர் திங்கள். சுகந்தி போன வருஷமே எனக்கு விவரமாச் சொல்லிச்சு, நானும் உங்கள மாதிரிதான் நினைச்சேன். கிறிஸ்தவங்க நாடு, அங்க இல்லாத லீவு நம்ம கவர்மென்ட் கொடுக்குது பாருங்க.” ராஜமாணிக்கம் சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். கோகிலா மூக்கறுபட்ட புருஷனைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நல்ல வேளை சொன்னீங்க,” என்றார். “திங்கக்கிழமையைச் சேர்த்துப் போட்டுருங்க சம்பந்தி. பாவம், நீங்க லீவைத் தேடி அலையுறீங்க. எங்களுக்கு அந்தக் கஷ்டமே வைக்கல. நாங்க போனப்ப சுகந்தி பத்து நாள் லீவு போட்டுடுச்சு. வேண்டாம்மா, நாங்க பாட்டுக்கு வீட்டுல இருக்கோம்னு சொன்னேன், கேக்கல. நல்ல பொண்ணைப் பெத்தீங்க.”

நல்ல பொண்ணைப் பெத்தீங்க. போன் வைத்தாயிற்று, கோகிலா உள்ளே போயாயிற்று, பாத்திரம் கழுவுகிற சத்தம் வருகிறது, சௌந்தரராசு கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். பத்து நாள். மே முதல் திங்களும் ஜூன் முதல் திங்களும்தான் அந்தப் போட்டோவெல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், ஊரே லீவு, அதனால் கூட்டிக்கொண்டு போனாள் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தார், இப்போது பார்த்தால் அது ஊர் லீவு இல்லை, அவள் லீவு. ஆபீசில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கின லீவு. அவருக்குச் சொந்த லீவு, எனக்கு ஊர் லீவு. அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள், எனக்கு மிச்சத்தில் ஒரு கரண்டி. இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, வேலைக்குப் போகிற பெண், இந்த வருஷம் வேலை அதிகமாக இருக்கலாம், மேனேஜர் மாறியிருக்கலாம். போன வருஷத்து லீவை அவருக்குச் செலவு பண்ணியிருந்தால், இந்த வருஷத்துக்குப் புது லீவு வந்திருக்குமே, அது எங்கே? யாருக்கு வைத்திருக்கிறாள்? மறுபடியும் அவர்கள் வருகிறார்களா? இந்த எண்ணம் வந்ததும் எழுந்து போய் மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார், பாதி பனியனில் கொட்டியது. பொறாமைதான். வேறு பேர் வைத்துப் பிரயோஜனமில்லை. அறுபத்து மூன்று வயசில், பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயசில், சாதுவான ஒரு வாத்தியார் மேல் வயிற்றெரிச்சல், சொன்னால் யாரும் சிரிப்பார்கள். காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளி சிவப்பாக இருந்தது. திங்கள் மற்ற நாளைப் போலக் கறுப்பாக, பேசாமல் இருந்தது. அந்தத் திங்களைத்தான் அவர் திருச்சிக் கணக்குப்படி, அவள் ஆபீஸ் போவாள், நாம் படுத்துத் தூங்கி எழுந்திருக்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். முதல் நாளே ஹவுத் என்று போட்ட வெள்ளிக்கிழமை அவள் ஆபீசில் இருப்பாள், இவர் அந்த சோபாவைப் பார்த்துக்கொண்டு ஹாலில் இருப்பார். இதே காலண்டரை எத்தனை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்களோ. வருகிற போகிற வாடிக்கையாளரிடமெல்லாம் வேறு சொல்லியாயிற்று, புனித வெள்ளிக்கு டப்ளின் போறேன், மக லீவு, மக லீவு என்று. அவளிடம் கேட்கலாமா? கேட்டால் சின்னத்தனம். கேட்காமல் விட்டால் அது தொண்டையில் மீன் முள்ளாக நிற்கும், அந்த ஊர் மண்ணை மிதிக்கிற வரைக்கும் நிற்கும், ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தாலும் நிற்கும். கேட்கக் கூடாது. கட்டாயம் கேட்கக் கூடாது. அப்பன் மரியாதையை அப்பன்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

போன் அடித்தது. “அப்பா, சாப்டியா?” என்றாள் சுகந்தி. தலையை அள்ளி முடிந்துகொண்டு, கையில் காபியோடு, இன்னும் தூக்கம் கலையாத முகம். “சாப்டேன்மா. ஏம்மா, அவங்க வந்தப்ப பத்து நாள் லீவு போட்டியா?” கேட்டேவிட்டார். நாக்கு அவரைக் கேட்காமல் ஓடிவிட்டது. சுகந்தி காபியைக் கீழே வைத்தாள். “யாருப்பா சொன்னா?” “அவரேதான். பெருமையாத்தான் சொன்னாரு.” “போட்டேன்ப்பா. உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ இந்த மாதிரி மூஞ்சி வச்சுக்குவேன்னுதான் சொல்லல.” “நான் ஒரு மூஞ்சியும் வச்சுக்கல. எனக்கு மட்டும் ஊர் லீவாப் பாத்து வான்னு சொன்னியே, அதான் கேட்டேன்.” கேமராவைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சுகந்தி பேசினாள். “பயமா இருந்துச்சுப்பா. அவங்க நல்லவங்கதான், ஒரு சொல் சொன்னதில்ல. ஆனா காலைல நான் பேகை மாட்டிக்கிட்டுக் கிளம்பினா அத்தை முகம் எப்படி இருக்குமோ, மாமா மனசுல என்ன நினைப்பாரோ, ஊருக்குப் போய், மருமக கண்டுக்கவே இல்லைன்னு யாருகிட்டயாவது சொல்லிடுவாங்களோ, இதே யோசனைதான். அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சதும் அந்தப் பயத்துலதான். பத்து நாளும் நைட்டியோட ஹாலுக்கு வந்ததில்ல, காலை நீட்டி ஒரு வாய் சாப்பிட்டதில்ல. லீவு முடிஞ்சு ஆபீஸ் போனப்பதான் எனக்கு லீவு விட்ட மாதிரி இருந்துச்சு. உன்கிட்ட எனக்கு என்னப்பா பயம்? எனக்கு லீவு இல்ல, நீ ஊர் லீவாப் பாத்து வான்னு உன்கிட்டதான் சொல்ல முடியும். இருக்குற லீவை நானும் அருளும் எங்கயாவது போலாம்னு வச்சிருக்கேன். நீ கோச்சுக்க மாட்டேன்னு தெரியும்.”

சௌந்தரராசுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைவிட ஒரு அப்பனுக்கு என்ன வேண்டும். அவருக்கு பயம், எனக்கு பாசம். அவர் சோபாவில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அந்தப் பெண் உள்ளே உதறிக்கொண்டிருந்திருக்கிறாள், சிரித்ததெல்லாம் பயந்து சிரித்த சிரிப்பு, உரித்ததெல்லாம் பயந்து உரித்த பழம், அப்பா என்றதும் பயந்து சொன்ன அப்பா. இதைத் தஞ்சாவூருக்குச் சொல்ல முடியாது, ஆனால் தெரிந்துகொண்டது போதும், இனிமேல் எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் தூக்கம் வரும். ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே பாழாய்ப்போன மனசு திரும்பிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பயந்ததற்குப் பத்து நாள். பாசத்துக்கு ஒரு திங்கட்கிழமை. அதுவும் அரசாங்கம் கொடுக்கிற திங்கட்கிழமை. பாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த ஊரில் வெள்ளிக்கிழமை பகல் பூராவும் யாரோடு பேசிக்கொண்டிருப்பது. ராஜமாணிக்கம் என்ன கொடுத்துவைத்தவர், அவருக்கு அது பயம் என்று தெரியவே தெரியாது, சாகிற வரைக்கும் பாசம் என்றே நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார், பத்து நாளும் பகல் பூராவும் பெண் பக்கத்திலேயே இருந்தாள், அதற்கு மேல் அவருக்கு என்ன தெரிய வேண்டும். அந்த மனுஷன் மேல்கூட இப்போது கோபமில்லை. அந்தப் பயத்தின் மேல்தான் பொறாமையாக இருந்தது, அதில் ஒரு பிடி தனக்கும் கிடைத்திருக்கலாம் என்று இருந்தது. மகள் தன்னைப் பார்த்துப் பயப்பட மாட்டாள், அடிக்க ஓங்கினாலும் சிரிப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு இன்றைக்கு அது ஏதோ கைவிட்டுப் போன பொருள் மாதிரிப் பட்டது.

“ஏம்மா,” என்றார், “என்னைப் பாத்தும் கொஞ்சம் பயந்துக்கக் கூடாதா?”

சுகந்தி சிரித்தாள். முதலில் மெல்ல ஆரம்பித்து, அப்புறம் காபி புரையேறி, தலையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “போப்பா,” என்றாள், “அருள், இங்க வாங்களேன், அப்பா சொல்றதைக் கேளுங்களேன்” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், மாப்பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, என்ன ஏதென்று தெரியாமலே அவரும் சிரித்து, “எப்ப வர்றீங்க மாமா, சீக்கிரம் வாங்க” என்றார். சௌந்தரராசு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். நன்றாகத்தான் சிரிக்கிறாள், பயமில்லாமல் சிரிக்கிறாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிப்பா, தேதியைச் சொல்லு, எந்த நாளைக்குப் போடப் போற?” என்றாள்.

“திங்கக்கிழமையை ஒட்டியே போடச் சொல்லிடறேன்மா,” என்றார். “வெள்ளிக்கிழமை நீ ஆபீஸ் போயிட்டு வா.”